மூன்று வேப்பிலைப் பேய்

வாடகை சி.டி. கடையில் உட்கார்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: வருகிறவருக்குப் படம் மட்டும் போதாது, படம் சரியில்லை என்றால் திட்டுவதற்கு ஓர் ஆளும் வேண்டும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அந்த ஆள் நான்தான். கடை அண்ணனுடையது. பகலெல்லாம் அவர் வீடு வீடாக டிஷ் மாட்டப் போய்விடுவார். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வரனுக்காகக் காத்திருந்த என்னைக் கவுண்ட்டரில் உட்கார வைத்தார். ஒரே வருஷத்தில் இடது பக்க அலமாரி முழுக்கப் பேய்ப்படமும் மாயாஜாலப் படமுமாக ஆகிவிட்டது. உங்களில் யாராவது கவுண்ட்டருக்குப் பின்னால் மாரடித்திருந்தால், நான் பட்டதைச் சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள்.

வேப்பிலை மார்க்

எனக்குப் பேய்ப்படம் என்றால் உயிர். ஆனால் எல்லாப் பேயையும் மதிக்க மாட்டேன். வெள்ளைப் புடவை கட்டி, கொலுசு போட்டு, நடுவில் ஒரு பாட்டும் பாடிவிட்டுப் பழிவாங்குகிற பேய் என் கணக்கில் பேயே இல்லை, வேலையில்லாத பெண். நல்ல பேய் பேசாது. கதவு திறந்திருக்கும், அவ்வளவுதான். இதை ஒவ்வொருவரிடமும் விளக்கித் தொண்டை கட்டிப்போனதால் அட்டையின் மூலையில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் வேப்பிலை வரைய ஆரம்பித்தேன். ஒரு வேப்பிலை என்றால் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். இரண்டு என்றால் பக்கத்தில் ஆள் வேண்டும். மூன்று என்றால் குளிக்கும்போது கதவைத் தாழ் போட மாட்டீர்கள்.

ஊர் இந்த மார்க்கை நம்பியது. அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. பெண்ணாடத்திலிருந்து மூன்றாவதாக ஒரு வரன், பையன் சர்க்கரை ஆலையில் வேலை. மாசி மகம் முடிந்ததும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் அலமாரியைக் காலி செய்ய வேண்டும், கல்யாணத்துக்கு அப்புறமும் நான் பேய்ப்படப் பக்கமே திரும்பக் கூடாது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கு அழுகையே வந்தது. அம்மா சொன்னார்: "பேய்ப்படம் பாக்குற பொண்ணுன்னு இந்த ஊருக்குத் தெரியும். பெண்ணாடத்துக்காவது தெரியாம இருக்கட்டும்."

பஸ்ஸில் ஏறிய பேய்

தனியார் பஸ்களில் டி.வி. வைத்திருந்த காலம் அது. சிதம்பரம் போகிற பஸ்ஸின் கண்டக்டர் தினமும் காலையில் எங்களிடம்தான் படம் எடுப்பார். ஒரு நாள் அவசரத்தில் "ஏதாவது குடும்மா" என்றார். நான் இரண்டு வேப்பிலைப் படம் ஒன்றைக் கொடுத்துவிட்டேன். ஆள் கூட்டமாக உட்கார்ந்து பகலில் பேய்ப்படம் பார்ப்பதுதான் சரியான முறை என்பது என் நெடுநாள் கருத்து. யார் முதலில் கண்ணை மூடுகிறார்கள் என்று பார்க்கலாம்.

மறுநாள் அவர் சி.டி.யை மேஜையில் போட்ட விதத்திலேயே விஷயம் தெரிந்தது. "சேத்தியாத்தோப்புல எறங்க வேண்டியவங்க பதினோரு பேரு, பேய் யாருன்னு தெரியாம எறங்க மாட்டோம்னுட்டாங்க. இனிமே சாமி படமா குடு. சாமி படத்துல முடிவு எல்லாருக்கும் தெரியும், அவங்கவங்க ஸ்டாப்புல எறங்கிப் போயிடுவாங்க."

முன்யோசனை உள்ள படம்

ஒரு படம் இரண்டு சி.டி.யில் வரும். எது முதலாவது, எது இரண்டாவது என்று எழுதி ஒட்டுவது என் வேலை. பழைய பங்களாவுக்குக் குடிவருகிற குடும்பத்தைப் பேய் ஆட்டிவைக்கும் படம் ஒன்றில் மாற்றி ஒட்டிவிட்டேன். அதை எடுத்துப் போனவர் கரும்பு விவசாயி. பேச்சில் நிதானமான மனுஷர். தப்பு தெரிந்ததும் இரண்டு நாள் அவர் முகத்தை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

வந்தார். இரண்டு சி.டி.யையும் துடைத்து வைத்தார். "நெறைய பேய்ப்படம் பாத்திருக்கறேன். எல்லாத்துலயும் மொதல்ல குடிவந்துட்டு அப்புறம் அவதிப்படுவாங்க. இதுலதாம்மா மொதல்ல பேயை ஓட்டிட்டு அப்புறம் சாமான ஏத்திக்கிட்டு குடிவர்றாங்க. முன்யோசனையா எடுத்திருக்காங்க."

வீட்டில் நானும் அப்படியே போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

கண் எழுதுகிற செல்வி

பேய் அலமாரி இருந்தால் பெண்கள் கடைக்குள் வர மாட்டார்கள் என்பது அண்ணனின் வாதம். அதை உடைத்தவள் செல்வி. செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் பொம்மைக்குக் கண் எழுதுகிற வேலை அவளுக்கு. சூளை ஆறுவதற்காக வேலை சீக்கிரம் முடிகிற நாளில் கூட வேலை செய்கிற ஐந்தாறு பெண்களோடு மத்தியானமே வந்துவிடுவாள். கொலைகாரப் பொம்மை ஒன்று வீட்டையே கொன்று தீர்க்கிற, தமிழ் பேச வைத்த வெளிநாட்டுப் படத்தை அவளிடம் நானே வற்புறுத்திக் கொடுத்தேன். மூன்று வேப்பிலை. என் அலமாரியிலேயே மரியாதைக்குரிய படம்.

திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தில் பயம் எதுவும் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. "பொம்மை தானா கண்ணத் தொறக்குதாம். ஒரு நாளைக்கு முந்நூறு கண்ணு எழுதுறேங்க்கா. ஒண்ணாவது தானா தொறந்தா எனக்குக் கைவலி மிச்சம்."

சிவப்பு நெருப்பு

மாயாஜாலப் படத்தில் குற்றம் கண்டுபிடிக்கக் கூடாது என்பது என் கொள்கை. ஆள் பறந்தால் பறக்கட்டும். ஏன் பறக்கிறான் என்று கேட்பவன் டிக்கெட் வாங்கியிருக்கவே கூடாது. செல்வி வேலை செய்கிற இடத்தில் சூளை போடுகிற பெரியவருக்கு இந்தக் கொள்கையெல்லாம் இல்லை. நெருப்புக் கக்குகிற, சிறகு முளைத்த பாம்பு ஒரு கோட்டையையே எரிக்கிற படத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "அந்த நெருப்பு செவப்பா இருக்குதும்மா. செவப்பு நெருப்புல ஒரு கப்பு சாசரு கூட வேகாது. கோட்டை எப்புடி எரியும்? வெள்ளையா கக்கச் சொல்லு, ஒத்துக்கறேன்."

சாமி கொன்றால்

டி.வி.யில் வந்த மாயாஜாலத் தொடர்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். இடி இடித்ததும் வீட்டில் உள்ள எட்டுப் பேர் முகத்தையும் மூன்று மூன்று முறை காட்டுவார்கள். பேய் வந்து நிற்கும்போது சோப்பு விளம்பரம் வந்துவிடும். இத்தனைக்கும் எங்கள் வீட்டில் சாயங்காலம் அம்மன் தொடர் ஓடினால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஒரு நாள் அந்த அரை மணி நேரத்தில் ஐந்து பேர் செத்தார்கள். ஒருவனைச் சூலம் குத்தியது, ஒருவனைப் பாம்பு கடித்தது, மூன்று பேரைப் பூமி விழுங்கியது. என் மூன்று வேப்பிலைப் படத்தில்கூட அரை மணியில் இத்தனை சாவு கிடையாது, இதை மட்டும் எப்படிப் பார்க்கிறாய் என்று கேட்டேன். அம்மா கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அது சாமி. சாமி கொன்னா அது கொலையில்ல, வேலை."

கட்டிலுக்கு அடியில்

மாசி மகம் முடிந்தது. அண்ணன் அலமாரியைக் காலி செய்து, பேய்களையெல்லாம் நான்கு அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். மறுநாள் பெண்ணாடத்துக்காரர்கள் வந்தார்கள். பையன் தலை நிமிரவில்லை. பையனின் அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். தட்டிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழம் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அதை எடுக்கக் குனிந்தவர், பழத்தோடு ஒரு சி.டி.யையும் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். அண்ணன் அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

அட்டையை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படத்தில் இருட்டு வீடு ஒன்றுதான் இருந்தது. மூலையில் என் வேப்பிலை. "வேப்பிலை போட்டிருக்குது. அம்மன் படமா?" என்றார். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆமாங்க, பெட்டி பூரா அம்மன் படந்தாங்க. இவளுக்கு பக்தி ஜாஸ்தி" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க இந்தப் பொய்க்குக் காவல் இருக்க வேண்டுமே என்று பயமாகவும் இருந்தது.

அவர் என்னைப் பார்த்து, "இதுல எதும்மா நல்ல படம்? வூட்ல எல்லாரும் ஒக்காந்து பாக்குறோம்" என்றார். அண்ணன் அவருக்குப் பின்னால் நின்று ஒற்றை விரலைக் காட்டினார். ஒரு வேப்பிலை கொடுத்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் நல்ல படம் எது என்று ஒருத்தர் கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது. பெட்டியில் கைவிட்டு மூன்று வேப்பிலைப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் கிளம்பியதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்த வரனையும் நீயே கொன்னுட்ட."

அம்மன் வரவில்லை

நான்காம் நாள் காலையில் பெண்ணாடத்துப் பெரியவர் தனியாகக் கடைக்கு வந்தார். அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பெரியவர் சி.டி.யைக் கவுண்ட்டரில் வைத்தார். "இப்ப வரும், இப்ப வரும்னு கடைசி வரைக்கும் ஒக்காந்திருந்தோம். அம்மன் வரவே இல்லியேம்மா. நாங்கதான் கவனிக்கலயோன்னு மறுநாளும் போட்டுப் பாத்தோம். அப்பவும் வரல" என்றார்.

வேறு படத்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று சமாளித்திருக்கலாம். இருந்தாலும் சொல்லிவிட்டேன்: "அது பேய்ப்படங்க. வேப்பிலை நான் போடுற மார்க்கு. பயத்துல அம்மா அப்புடி சொல்லிட்டாங்க. எனக்குப் பேய்ப்படம் புடிக்கும். கல்யாணம் ஆனாலும் பாப்பேங்க." அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

பெரியவர் காலியாகக் கிடந்த இடது பக்க அலமாரியைப் பார்த்தார். பிறகு கவுண்ட்டர் மேல் சாய்ந்து, அண்ணனுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "நானும் எங்க வூட்டம்மாவும் ரெண்டு தடவையும் முழுசாப் பாத்தோம். பையந்தான் பாதியிலயே போயி போர்வையப் போத்திக்கிட்டான். அவனுக்கு ஒத்த வேப்பிலையில ஆரம்பிச்சு, பொறுமையா பழக்கும்மா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், சி.டி. கடைகளெல்லாம் இழுத்து மூடின பிறகும், என் வீட்டுக்காரரை ஒன்றரை வேப்பிலைக்கு மேல் என்னால் தேற்ற முடியவில்லை.