அம்சவள்ளி அக்கா வண்டியின் முன்பிரேக்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு பைக்கில் கருவாடு கொண்டுபோகும் ஒரே பெண் எங்கள் தெரு அம்சவள்ளி அக்காதான். நாத்தம் அடிக்குது என்று ஒரு கண்டக்டர் கூடையோடு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார். அந்த ரோஷத்தில் களமருதூர் கொளஞ்சியப்பனிடம் பழைய பைக் ஒன்றை வாங்கி, ஏரிக்கரையில் விழுந்து விழுந்தே ஓட்டக் கற்றுக்கொண்டது அக்கா. இப்போது மலையில் அதன் ஹாரன் கேட்டால் போதும், ஜனம் வாசலில் நிற்கும். சாமையைக் கொடுத்து நெத்திலி வாங்குவார்கள்.

இறங்கும்போது மட்டும் எஞ்சினை அணைத்துவிட்டு சரிவில் உருட்டிக்கினு வரும். பெட்ரோல் மிச்சமாம்! மலைக்குப் போகிற பாதிப்பேர் அப்படித்தான். மொத்த பாரமும் பிரேக் தலையில்.

போன மாசம் ஒருநாள் மதியம் கொளஞ்சியப்பன் எனக்கு போன் போட்டார். தெருவிலேயே முதல் டிகிரி என்னுடையது. இங்கிலீஷில் எது வந்தாலும் என்னிடம்தான் வரும்.

"தம்பி, வித்த வண்டிக்கு இன்னும் மெசேஜ் வந்துக்கினே கீது. வெளம்பரம்னு வுட்டுட்டேன். இன்னான்னு பாருப்பா."

அவர் அனுப்பிய மெசேஜைப் படித்தேன். முன்பிரேக் லிவர் உடையலாம், ஓட்டாதீர்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கம்பெனியே கெஞ்சியிருக்கிறது! வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் அக்கா பேர் மாற்றவே இல்லை. சேதியெல்லாம் பழைய ஓனருக்கே போயிருக்கிறது.

அக்காவோ காலையிலேயே மலையேறிவிட்டது. போன் போகவில்லை. பஸ் பிடித்து ஓடினேன். மலை பாதி ஏறியிருப்போம், எதிரே சத்தமில்லாமல் இறங்கி வருகிறது அக்கா! ஜன்னலில் தலையை விட்டுக் கத்தினேன். சிரித்துக்கொண்டே கையாட்டிவிட்டுத் தாண்டிப்போனது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் குதித்து ஓடினேன்.

"எக்கா! கீர்ல போடு! முன்பிரேக்கத் தொடாத!"

எஞ்சின் ஓடாததால் என் குரல் எட்டியது. கீர் விழுந்ததும் வண்டி ஒரு குலுக்கு குலுக்கி, வளைவுக்கு முன்னால் மண்ணில் ஏறி நின்றது.

"இன்னாடா, பேய் புடிச்சாப்ல ஓடியார?"

"கம்பெனிக்காரன் வண்டியத் திரும்பக் கூப்புடுறான்கா!"

"கூப்புடுவான்! வூட்டாண்ட வந்து கேக்கச் சொல்லு, நெத்திலி வாளியாலயே சாத்தறேன்!"

"வண்டிய இல்லக்கா. அந்த ஒரு சாமான மாத்தித் தருவான். சும்மாவே."

"சும்மா எவன்டா குடுப்பான்?"

வழியில் வந்த மரவள்ளி லாரியில் வண்டியை ஏற்றி ஷோரூமுக்குக் கொண்டுபோனோம். ஹேண்டிலுக்குக் கீழே வண்டிக் கழுத்தில் அடித்திருந்த சாஸி நம்பரை மெக்கானிக் கம்ப்யூட்டரில் தட்டினார். "இந்த வண்டியும் லிஸ்ட்ல இருக்குதுங்க. எத்தன கை மாறியிருந்தாலும் காசு கெடையாது."

கழற்றிய லிவரின் அடியில் முடியளவு ஒரு விரிசல். மெக்கானிக் கையால் வளைத்தார். டக்கென்று இரண்டாகிப்போனது.

அக்கா உடனே கொளஞ்சியப்பனுக்கு போன் போட்டது. "அண்ணே, நாளைக்கே பொறப்பட்டு வாங்க. என் உசுரு சேதி இனிமே எனக்கே வரணும்."

பேர் மாற்றியாகிவிட்டது. அடுத்த தடவை வெள்ளிமலையில் அக்கா தராசைத் தூக்கவே இல்லை. "வண்டி யாரு பேர்ல கீது? சாஸி நம்பர சொல்லு, அப்புறம் கருவாடு!" இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் போன் அடிக்கிறது. மலையில் கரியாலூரிலிருந்து யாரோ, அக்கா சொல்லிப் பேசுகிறாராம். கம்பெனி வெப்சைட்டில் அவர் வண்டியின் சாஸி நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்!