இருபத்தோராவது தட்டு

தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு இருபத்தோரு வட்டத் தட்டுகளின் விளிம்பில் லேஸ் ஒட்டுவது என் பொறுப்பு. ஒவ்வொன்றும் ஒரு அடி அகலம். சுற்றளவுக்கு அகலத்தை மூன்றால் பெருக்கினால் போதும் என்று நினைத்து, தி.நகர் கடையில் அறுபத்து மூன்று அடி வாங்கினேன். மூன்றுக்குப் பின்னால் வரும் புள்ளி ஒன்று நான்கை நான் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் மயிலாப்பூர் வீட்டில் ஒட்ட உட்கார்ந்தேன். ஒவ்வொரு தட்டும் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் கூடுதலாகக் கேட்டது. இருபது முடிந்தபோது விரல் நீளத் துண்டுதான் மிச்சம். மாப்பிள்ளை வீட்டார் வர ஒரு மணி நேரம் இருந்தது. தட்டுகள் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும் என்பதால் ஒன்றைக் குறைக்கவும் முடியாது.

அலங்காரத்தில் இருந்த தங்கையிடம் போனேன். “லேஸ் பத்தலடி. ஒரு தட்டு மொட்டையா நிக்குது.”

“என் மல்லிப்பூவுல கொஞ்சம் எடுத்துச் சுத்திடுக்கா” என்றாள்.

இந்த முறை பெருக்கிப் பார்க்கவில்லை. பூச்சரத்தைத் தட்டைச் சுற்றிப் பிடித்துப் பார்த்துத்தான் வெட்டினேன். சபையில் தட்டுகளை அடுக்கினேன். மாப்பிள்ளையின் அம்மா பூச்சுற்றிய தட்டைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் ஒரே மாதிரி தொட்டு வாங்கிக்கொண்டார்.