தூதன் ஏன் நேராகச் சொல்லவில்லை? அரியக்குடியில் ஒரு நாடக வகுப்பு

என் ஒன்பதாம் வகுப்புக்குப் பழைய செய்யுள் நாடகம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். போர்க்களத்திலிருந்து வரும் தூதன், மகன் இறந்துவிட்டான் என்று அரசியிடம் சொல்ல வேண்டிய காட்சி. அதைச் சொல்லாமல் குதிரை, புழுதி, மழை என்று இரண்டு பக்கம் இழுப்பான். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். "கேள்வி பதிலை மட்டும் எழுதிப் போடுங்க டீச்சர். திங்கக்கிழமையிலருந்து அந்தப் பீரியடைக் கணக்குக்குக் குடுத்துடலாம்" என்றார் தலைமையாசிரியர். அழுகையே வந்துவிட்டது. பயிற்சி முகாமில் பழக்கமான தெய்வானை டீச்சரிடம் போனில் புலம்பினேன். "எங்க வகுப்புக்கு ஒருநா வந்து பாருங்களேன்" என்றார். வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

திருச்சியிலிருந்து காரைக்குடி சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். பேருந்தில் இரண்டரை மணி நேரம், டிக்கெட் நூறு ரூபாய்க்குள். பேருந்து நிலையத்திலிருந்து அரியக்குடிக்கு ஆட்டோ நூற்றைம்பது.

"பெருமா கோயிலுக்கா போறீக?" என்றார் ஓட்டுநர்.

"இல்லண்ணே, பள்ளிக்கூடத்துக்கு."

"பள்ளிக்கூடத்தப் பாக்கவா திருச்சியிலருந்து வாரீக?" என்று திரும்பிப் பார்த்தார். பாவம், கோயிலைக் காட்டாமல் விட அவருக்கு மனசே இல்லை.

வகுப்பில் அதே நாடகம், அதே காட்சி. ஆனால் தெய்வானை டீச்சர் புத்தகத்தைத் திறக்கவே விடவில்லை. "பெரியப்பா தவறிட்டாக. சிங்கப்பூர்ல இருக்க அவுக மகனுக்கு நீதான் போன் போடணும்" என்று கவிதா என்ற மாணவியை எழுப்பினார்.

கவிதா பென்சில் டப்பாவைக் காதில் வைத்தாள். "அண்ணே, சாப்ட்டீகளா? அங்குட்டு மழையா? ஒண்ணுமில்லண்ணே, பெரியப்பாவுக்குக் கொஞ்சம் மேலுக்கு முடியல. பயப்படாதீக. டிக்கெட் கெடச்சா கெளம்பி வாங்களேன்."

"ஏன் நேராச் சொல்லல?"

"அம்புட்டுத் தூரம் தனியா வரணும்ல டீச்சர்."

"இப்பப் புத்தகத்தத் தொறங்க" என்றார் டீச்சர்.

தூதனின் வரிகளை ஒருவன் வாசித்தான். யாரும் கொட்டாவி விடவில்லை. நடுவில் அரசி, 'அங்கே மழை எப்படி?' என்று கேட்கும் இடம் வந்தது. பல வருடங்களாக அதை நான் இயற்கை வருணனை என்றுதான் நடத்தி வருகிறேன். "அவுகளுக்குத் தெரிஞ்சுபோச்சு டீச்சர்" என்றாள் கவிதா. "அவன் சொல்லிறக் கூடாதுன்னுதான் மழையக் கேக்குறாக."

எனக்குப் புல்லரித்துவிட்டது. மதியம் தன் டிபன் பாக்ஸிலிருந்து பாதிச் சோற்றை எனக்கு எடுத்து வைத்த தெய்வானை டீச்சருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

இப்படி வகுப்புப் பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள், கடைசி பெஞ்சில் உட்காருங்கள், படம் எடுக்காதீர்கள். உங்கள் வகுப்பில் இதைச் செய்வதானால், சமீபத்தில் வீட்டில் துக்கம் நடந்த பிள்ளைகள் யார் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். தெய்வானை டீச்சர் அதை மறக்கவே மாட்டார். திரும்பும்போது நேரமிருந்தால் ஆட்டோக்காரர் சொன்ன கோயிலுக்கும் போங்கள், நான் போனேன்.

திங்கட்கிழமை காலை நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். எனக்கு இன்னும் இரண்டு பீரியட் வேண்டும் என்று கேட்டு, கவிதா பேசிய போனை அப்படியே சொன்னேன். அவர் மேசையிலிருந்த தன் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணனும் அப்படித்தான் டீச்சர் சொன்னான். அம்மாவுக்கு லேசா காய்ச்சல்னு" என்றார். "வழியில ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போனேன்."