பையிலிருந்த நாலு பிளக்குகள்

ஐம்பதுகளின் கடைசியில் கோயமுத்தூரில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் எனக்கு வேலை. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற பிளக் பழசானால் அதைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு வருவார்கள். அதன் மூக்கைப் பார்த்தே எஞ்சினின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன். கரி படிந்திருந்தால் ஒன்று, எண்ணெய் கசிந்திருந்தால் ஒன்று, வெளுத்திருந்தால் ஒன்று. 'பிளக்குன்னா அந்தத் தம்பிகிட்டக் கேளுங்க' என்று ஊரில் பேர். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வேறு பெருமை எதுவும் என்னிடம் இல்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்திருந்தார்கள். குடியிருந்தது ஒற்றை அறை. காலையில் பூட்டுபவனும் நான்தான், சாயங்காலம் திறப்பவனும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்றைக்கு முழுக்க என் குரலை நானே கேட்காமல் போனதுண்டு.

பெரியம்மாவும் தாய்மாமாவும் சேர்ந்து எனக்குப் பெண் தேடினார்கள். வெள்ளகோவிலில் ஓர் இடம் அமைந்தது. கண் மங்கிய அப்பாவுக்குத் தினமும் பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டும் பெண் என்று தரகர் சொன்னார். அழகு, சீர் என்று அவர் சொன்ன மற்றதெல்லாம் என் காதில் ஏறவில்லை. என் அறையில் ஒருத்தி சத்தமாகப் பேப்பர் படிப்பதை நினைத்துக்கொண்டே ஒரு மாதத்தை ஓட்டினேன்.

பெண் பார்க்க மாமாவின் காரில் போவதாக ஏற்பாடு. பழைய இங்கிலீஷ் கார், எண்ணெய் குடிக்கிற எஞ்சின். கோயிலுக்கும் மில்லுக்கும் மட்டும் போய்வருகிற வண்டியாதலால் பிளக்குகள் இரண்டே நாளில் கரியும் எண்ணெயுமாகிவிடும். காலையில் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் நாலு தடவை இருமிவிட்டுத்தான் கிளம்பும். மற்ற நாளில் அதைப் பார்த்துச் சிரிக்கலாம். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது எங்கள் பக்கத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். வண்டி ஒருமுறை இருமி நின்றால் எல்லோரும் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து எழுந்து வரவேண்டும். மறுபடியும் நின்றால் பயணமே ரத்து.

பிளக்கில் ஹாட், கோல்டு, அதாவது சூடு, குளிர் என்று ரகம் உண்டு. ஹாட் பிளக் சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதனால் கரியும் எண்ணெயும் எரிந்து மூக்கு சுத்தமாக இருக்கும். ஊருக்குள் ஓடும் கிழட்டு எஞ்சினுக்கு அது சரி. நெடுந்தூரம் பாரம் இழுக்கிற வண்டிக்கு, சூட்டைச் சீக்கிரம் வெளியே விடுகிற கோல்டு பிளக்தான் வேண்டும். இல்லாவிட்டால் பிளக்கே கொள்ளிக்கட்டையாகி எஞ்சினை எரித்துவிடும். இதை நான் எத்தனையோ பேருக்கு வகுப்பு எடுத்தவன்.

அப்படிப்பட்டவன், கிளம்புகிற நல்ல நேரத்தில் வண்டி இருமக் கூடாது என்பதற்காக, கடையில் இருந்ததிலேயே ஹாட்டான நாலு பிளக்கை மாமாவின் வண்டியில் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் தகடு வைத்து முனையின் இடைவெளி பார்த்து, கையால் திருகி உட்காரவைத்து, ஸ்பேனரில் அளவாக முறுக்கினேன். சரியான கோல்டு பிளக் நாலையும் ஸ்பேனரோடு ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். பல்லடத்தில் காப்பி குடிக்க நிற்கும்போது மாற்றிவிடுவதாகத் திட்டம்.

காலையில் ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்தது. பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். வண்டிக்குள் ஏழு பேர், தட்டு, பழம், பூ. எனக்குச் சலவைச் சட்டை.

பல்லடத்தில் பானெட்டில் கை வைக்கப் போனேன்.

"ஏங்கண்ணு, நல்லா ஓடற வண்டிய எதுக்கு நோண்டற? வழியில தொறந்தா அதுவே அபசகுனமாப் போயிரும்" என்றாள் பெரியம்மா.

நானும் சட்டையைப் பார்த்தேன். இன்னும் முப்பது மைல்தானே என்று ஏறி உட்கார்ந்தேன்.

சித்திரை வெயில். காங்கயம் தாண்டியதும் எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தது. பிறகு டமாரென்று ஒரு வெடி, பின்னால் நீலப் புகை. வெள்ளகோவிலுக்கு ஆறு மைல் இருக்கையில், கிளுவை வேலி ஓரமாக வண்டி நின்றுவிட்டது.

மூன்றாவது பிளக்கைக் கழற்றினேன். பீங்கான் சுண்ணாம்பாய் வெளுத்து, முனை உருகியிருந்தது. உள்ளே பிஸ்டன் ஓட்டையாகியிருக்கும். இனி பையிலிருந்த நாலையும் போட்டுப் பிரயோஜனம் இல்லை.

"என்ன மாப்ளே, என்னாச்சு?" என்றார் மாமா.

"எஞ்சின் போச்சுங்க மாமா."

"நல்ல காரியத்துக்குப் போறப்ப இப்படி ஆச்சுன்னா அது சாமி சொல்றதுங்க" என்றாள் பெரியம்மா, மாமாவைப் பார்த்து. "அந்தப் புள்ள நம்மூட்டுக்கு வேண்டாம். திரும்பிறலாம்."

சாமி சொல்லவில்லை பெரியம்மா, நான் போட்ட பிளக் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். மாமாவின் எஞ்சினைத் தின்றது என் கை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பிளக்குன்னா அந்தத் தம்பி என்கிற பேர் அன்றோடு போய்விடும். ஒரு வாரம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று, உருகிய பிளக்கைத் துணிப்பைக்குள் போட்டேன். பஸ் பிடித்துத் திரும்பினோம். அன்று சாயங்காலமே தரகர் மூலம் பெண் வீட்டுக்குத் தகவல் போய்விட்டது.

அந்த ஒரு வாரம் வரவே இல்லை. அதற்குப் பிறகு பார்த்த இரண்டு இடங்களை நானே வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள். கடையில் வேலை அதிகம் என்றேன்.

இரண்டு வருஷம் கழித்து, தோட்டத்து பம்ப்செட் எஞ்சினின் பிளக்கைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு ஒருவர் கடைக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"எந்த ஊருங்க?"

"வெள்ளகோயிலுங்க."

காகிதத்தைப் பிரித்தேன். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டுவைத்தேன். "ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

"அப்பா போன வருசம் தவறிட்டாருங்க. நானும் சம்சாரமும், ஒரு தங்கச்சியும் இருக்கறமுங்க. அதுக்குத்தான் ஒண்ணும் அமைய மாட்டேங்குது. மொதல்ல பாக்க வந்தவங்க காரு காங்கயம் தாண்டி நின்னுபோச்சுங்க. அப்படியே திரும்பிட்டாங்க. அதுக்கப்பறம் யாரு வந்தாலும் அந்தக் காரப் பத்தித்தான் விசாரிக்கறாங்க."

நான் பிளக்கின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவுங்களக் குத்தஞ் சொல்லக் கூடாதுங்க" என்றார் அவர். "எங்க புள்ளயோட ராசி அப்படி. அப்பா இருந்தப்பப் பேப்பரு படிச்சுக் காட்டும். இப்பவும் காலையில சத்தமாத்தான் படிக்குது. கேக்கறதுக்குத்தான் ஆளில்லீங்க."

உண்மை வாய்வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. அவர் என்னை முழுசாக நம்பி, "எது நல்லதுன்னு நீங்களே பாத்துக் குடுங்க" என்றார். அந்த எஞ்சினுக்கு ஏற்ற பிளக்கை எடுத்தேன். தகடு வைத்து ஒருமுறைக்கு மூன்றுமுறை இடைவெளி பார்த்தேன். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.

"மொதல்ல கையில திருகி உக்கார வெச்சுட்டு, அப்பறம் ஸ்பேனர் போடுங்க" என்றேன்.

"செரீங்க. வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு ஆயிற்றா என்று இன்றுவரை நான் யாரையும் விசாரிக்கவில்லை.