புகை வராத மோட்டார்

ஈயம் கலக்காத இந்தக் காலத்துப் பெட்ரோல் அப்பாவின் பழைய படகு மோட்டாருக்கு ஆகுமா என்று ஜங்லிகாட் படகுத்துறையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கேட்டேன்.

“தாராளமா ஊத்துங்கக்கா. ஆயில் கலக்க மறந்தாத்தான் இஞ்சின் கதம், அதோட முடிஞ்சுது.”

நாங்கள் ஒரு தடவை மறந்திருக்கிறோம்.

அறுபதுகளில் லாங் ஐலண்ட் என்ற தீவில் இருந்தோம். பெட்ரோலில் ஆயிலை உழக்கால் அளந்து கலப்பது அம்மாவின் வேலை; கலந்தால்தான் மோட்டார் புகையும். அந்த வாரம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவரே கலந்திருப்பார் என்று அம்மா நினைத்தாள். அவள் கலந்திருப்பாள் என்று அப்பா நினைத்தார். படகில் ரங்கத் ஊருக்குக் கிளம்பிவிட்டோம்.

நடுக்கடலில் அம்மா திரும்பிப் பார்த்தாள்.

“புகையக் காணோம், நிறுத்துங்க!”

அப்பா மோட்டாரை அணைத்து, அதைத் தொட்ட கையை உதறினார். நீரோட்டம் படகைப் பாறைகள் பக்கம் இழுத்தது. தம்பிக்காக வைத்திருந்த விளக்கெண்ணெய் முழுவதையும் அம்மா டாங்கில் கவிழ்த்தாள். அப்பா மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார், இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். பாறையில் துடுப்பு இடிக்கும் தூரத்தில்தான் மோட்டார் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது.

நான்கு நாளில் அம்மா அவரிடம் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

கடை வாசலில் என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். காலையில் சண்டை.

“ஆயில் வாங்கியாச்சா?” என்று நானே கேட்டேன்.