வேம்பு உட்கார்ந்த இடம்

எத்தனையோ பேரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவளின் கைக்கடிகாரத்தைப் பார்த்து இப்போதும் படுகிறேன். ஆனால் ஒன்பது வயதில் வேம்பு மேல் நான் பட்ட பொறாமைக்கு முன்னால் இதெல்லாம் தூசு. வேம்பு பள்ளிக்கூடமே போகாதவள். மாற்றுப் பாவாடைகூடக் கிடையாது. அவளிடம் இருந்தது ஒரே ஒரு இடம். என் அத்தைக்குப் பக்கத்தில், அடுப்போரமாக, ஒரு பெண்பிள்ளை சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்கு ஒரு இடம்.

எங்கள் தெரு கீழ்வேளூருக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. அந்தத் தெருவில் நாலாம் வகுப்பு வரை போன முதல் பெண் நான். எங்கள் குடும்பத்தில் ஆண்களையும் சேர்த்து முதல் ஆள். சாயங்காலமானால் ஆண்கள் கூடி உட்கார்ந்து என்னைப் பேப்பர் வாசிக்கச் சொல்வார்கள். கோட்டையில் ஆட்சி மாறியதும், நிலத்துக்கு உச்சவரம்பு வந்ததும், அந்த உச்சவரம்புக்குத் தப்பிக்கப் பண்ணைகள் மாட்டுக்காரன் பெயரில்கூட நிலத்தை எழுதியதும் என் வாய் வழியாகத்தான் எங்கள் தெருவுக்குள் வந்தன. ஆகவே எங்கே போனாலும் முன்னால் உட்காருகிற உரிமை எனக்கு உண்டு என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் குறுவை அறுப்பில் கூலிச் சண்டை வந்தது. கலத்துக்கு அரைப் படி நெல் கூட்டித் தரும்வரை யாரும் அரிவாள் எடுப்பதில்லை என்று சங்கத்தில் முடிவெடுத்தார்கள். முதல் வாரமே போலீஸ் வேன் வந்து சிலரை ஏற்றிக்கொண்டு போனது. வேம்பின் அப்பாவும் அதில் போனார். கதிர் முற்றி வயலில் சாய்ந்து கிடக்க, தெருவில் அடுப்புகள் ஒவ்வொன்றாக அவிந்தன. அப்போதுதான் சங்கத்துப் பெரியவர் ஒரு வழி சொன்னார்.

"தனித்தனியா பட்டினி கெடக்குறதுக்கு ஒண்ணா கஞ்சி குடிப்பம். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி கொண்டாங்க. ஒரே ஒலை."

பொழுது சாயும் நேரத்தில் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே வேளை சாப்பிடுவது என்று ஆயிற்று. எல்லாரும் உட்காரும்வரை ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது.

ஆக்கிப் போடும் பொறுப்பு அத்தைக்கு வந்தது. அத்தை அப்பாவின் அக்கா. புருஷன் போன பிறகு திருவிடைமருதூர் பக்கம் ஒரு சோதி மடத்தில் பத்து வருஷம் பெருக்கி, சமைத்து வாழ்ந்துவிட்டு அந்த வருஷம்தான் எங்களோடு வந்து சேர்ந்தாள். அந்த மடத்தில் சாதி கேட்க மாட்டார்களாம். விளக்கை ஏற்றிவைத்துவிட்டு எல்லாரும் கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருப்பார்களாம். அத்தை அங்கிருந்து கொண்டுவந்தது ஒரு துணி மூட்டையும் அந்தச் சும்மா உட்காருதலும்தான். எல்லா உசுரும் ஒண்ணு என்பாள். அதற்கு மேல் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

செங்கொடிக்காரரான அப்பாவுக்கு இது பிடிக்காது. "கண்ண மூடிக்கிட்டா நெல்லு வந்துருமா?" என்பார்.

"நீதான் தொறந்து வச்சிருக்கியே தம்பி, ஒனக்கு வந்துச்சா?" என்பாள் அத்தை.

பிடி அரிசிச் சோறு ஆக்குவது லேசான வேலை இல்லை. ஒரு வீட்டுப் பிடி பழைய அரிசி. இன்னொரு வீட்டுப் பிடி ரேஷன் புழுங்கல். வேறொரு வீட்டில் விதைநெல்லைக் குத்தி எடுத்து வந்திருப்பார்கள். மொத்தமாகக் கொட்டினால் பாதி குழையும், பாதி கல்லாகக் கிடக்கும். அத்தை ஒவ்வொரு பிடியையும் விரலில் தேய்த்துப் பார்த்து மூன்று முறத்தில் பிரிப்பாள். நேரமெடுத்து வேகுவது முதலில் உலைக்குப் போகும். அது பாதி வெந்ததும் அடுத்தது. கடைசியில் புது அரிசி. எப்போது எது என்று கொதியின் சத்தத்தை வைத்துத்தான் சொல்வாள். அதனால் அடுப்படியில் யாரும் பேசக் கூடாது. கீற்றுத் தட்டி வைத்து மறைத்திருந்த அந்த இடத்துக்குள் அத்தையைத் தவிர யாரும் போகக் கூடாது. வேம்பு மட்டும் போகலாம்.

வேம்பின் வீட்டிலிருந்து பிடி அரிசி வரவில்லை. அவள் அம்மா பந்திக்கும் வரவில்லை. கூப்பிட்டால், "நாங்க சாப்பிட்டாச்சு, நீங்க சாப்பிடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். ஆனால் தினமும் வேம்பிடம் ஒரு சுமை காய்ந்த மட்டை கொடுத்தனுப்புவாள்.

"வெறகும் பங்குதாண்டி, வந்து உக்காரு" என்று அத்தை ஒரு நாள் அவர்கள் வாசலில் போய்ச் சொன்னாள்.

"வெறகு ஊருக்குப் பொது அக்கா. அதுக்குப் போயி சோறு வாங்குவாங்களா? பிடி போடாத வீட்டுக்குப் பந்தியில என்ன வேல?"

அவர்கள் சாப்பிட்டுவிட்டார்கள் என்றே நான் நம்பினேன். எங்களுக்கு ஒரு வேளைதான், இவர்களுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று அதிலும் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல்.

தட்டியின் இடுக்கு வழியாகத் தினமும் பார்ப்பேன். புது அரிசி உலைக்குப் போனதும் அத்தை கண்ணை மூடிக்கொள்வாள். புகைக்குள் வேம்பின் குனிந்த முதுகு மட்டும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து வெளியே வரும்போது முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். உள்ளே போகும்போது வாடிப்போய் இருந்தவள், வரும்போது நெற்றியில் வேர்வை மினுங்க, நிதானமாக நடந்து வருவாள். எனக்குப் புரிந்துவிட்டது. அத்தை மடத்து மந்திரத்தை இவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். எழுதப் படிக்கத் தெரிந்த சொந்தத் தம்பி மகளை விட்டுவிட்டு.

"அத்த, நானும் ஒங்களோட உக்காருறேன்."

"நீ போயிப் படி தாயி."

"வேம்பு மட்டும் உக்காருது?"

"அது அடுப்புக்கு மட்டையத் தள்ளிவிடுது. நீ பள்ளியோடத்துல சாப்ட்டியா?"

"உப்புமா போட்டாங்க."

"அப்பறம் என்ன. போ."

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் உப்புமாவை விசாரித்து என்னைத் துரத்துகிறாள் என்று நினைத்தேன். மந்திரம் இல்லாமலே அந்தத் தெளிச்சியை வரவழைத்துவிடலாம் என்று கொல்லையில் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தேன். ஏழாம் வாய்ப்பாடுதான் வந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, வயிறு வலிக்குதா?" என்றாள்.

மறுநாள் பொறுக்க முடியவில்லை. அத்தை கண்ணை மூடுவதற்காகக் காத்திருந்து, தட்டியை விலக்கி வேம்பைச் சைகை காட்டிக் கூப்பிட்டேன். சத்தமில்லாமல் எழுந்து வந்தாள்.

"ஒங்க அம்மா வாய்க்காக் கரையில நிக்கிறாங்க. ஒன்னய வரச் சொன்னாங்க."

"இப்பவேவா?"

"ஆமா, இப்பவே."

அவள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். நாலடி போய் மறுபடியும் பார்த்தாள். இடத்தை விட மனசில்லை இவளுக்கு என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அவள் போனதும் உள்ளே நுழைந்து, அவள் உட்கார்ந்து தரை சூடேறியிருந்த அதே இடத்தில் உட்கார்ந்தேன்.

அத்தை கண் திறக்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. அதில் உலையிலிருந்து மொண்ட கஞ்சி, அடியில் இரண்டு கை வெந்த சோறு, மேலே கல்லுப்பு. ஓ, இதுதான் பிரசாதம் என்று நினைத்தேன். எடுத்துக் குடித்தேன். மதியம் தின்ற உப்புமா நெஞ்சுவரை இருந்தும் விடவில்லை. பல அரிசிகளின் வாசனை ஒன்றாகக் கலந்த அந்தக் கஞ்சியைப் போல ஒன்றை நான் இன்றுவரை குடித்ததில்லை. அடியில் ஒட்டியிருந்த பருக்கையையும் விரலால் வழித்துத் தின்றேன்.

"குடிச்சிட்டியாம்மா?" கண்ணை மூடியபடியே அத்தை மெல்லக் கேட்டாள். "வாயத் தொடச்சுக்க. நான் ஒண்ணும் பாக்கல. ஒங்கம்மா கேட்டா, யாரும் பாக்கலன்னு சொல்லு."

"ம்" என்றேன்.

அத்தை கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். கொட்டாங்கச்சியைப் பார்த்தாள்.

"அந்தப் புள்ள எங்க?"

"அவங்க அம்மா கூப்ட்டாங்க."

திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை. வெளியே ஆட்கள் தட்டோடு வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள். அத்தை அகப்பையைக் கையில் எடுத்து, சோற்றைப் பார்த்து, தட்டிக்கு வெளியே இருந்த கூட்டத்தைப் பார்த்து, அகப்பையைக் கீழே வைத்தாள். வாய்க்கால்வரை ஓடி மூச்சிரைக்கத் திரும்பி வந்த வேம்பு, தட்டியோரம் நின்று என் கையில் இருந்த கொட்டாங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமைப்படட்டும் என்று நான் அதைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு திரும்பி வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் மட்டைச் சுமை வரவில்லை. வேம்பும் வரவில்லை. பொழுது சாய்வதற்கு முன் அத்தை எதையோ முந்தானையில் மூடிக்கொண்டு அவர்கள் வீட்டுப் பக்கம் போனாள். போன மாதிரியே மூடிக்கொண்டு திரும்பி வந்தாள். நான் கேட்காமலே போய் வேம்பின் இடத்தில் உட்கார்ந்தேன். அத்தை போகச் சொல்லவில்லை. ஆனால் அன்று அவள் கண்ணை மூடவில்லை. கொட்டாங்கச்சியும் வைக்கவில்லை. கண்ணை மூட வேண்டிய படியை நான் தாண்டிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் காலையில் பண்ணை வயலில் அறுப்பு நடப்பதாகச் செய்தி வந்தது. வெளியூர் ஆட்களோடு எங்கள் தெருவிலிருந்து மூன்று வீடு. அதில் ஒன்று வேம்பு வீடு. அவளும் அம்மாவோடு குனிந்து அறுத்துக்கொண்டிருந்தாள். தெருவே காறித் துப்பியது. "புருசன் உள்ள கெடக்கான், இவ சங்கத்த ஒடைக்க வந்த கறுப்பு ஆளோட போயி நிக்கிறா" என்று அம்மா வாயில் அடித்துக்கொண்டாள். கட்டுப்பாட்டை மீறியவர்களின் பெயரை எழுதிக் கொடிக்கம்பத்தில் ஒட்ட வேண்டும் என்று சங்கத்தில் சொன்னார்கள். தெருவில் எழுதத் தெரிந்தது யாருக்கு?

பெரிய தாளில், முத்து முத்தாக, வேம்பின் அம்மா பெயரை முதலில் எழுதினேன். அதற்குக் கீழே யாரும் சொல்லாமலே வேம்பின் பெயரையும் எழுதினேன்.

"சின்னப் புள்ள பேரு எதுக்கும்மா?" என்றார் பெரியவர்.

"அவளுந்தான் அறுத்தா. நான் பாத்தேன்."

அவர் தாளை வாங்கிக் கொடிக்கம்பத்தில் ஒட்டினார். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று நாலைந்து பேர் மெச்சினார்கள். அத்தை அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தத் தாளின் முன்னால் நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"என்ன எழுதியிருக்க?" என்று கேட்டாள்.

முதல் தடவையாக அத்தை என்னிடம் ஒன்று கேட்கிறாள் என்ற பெருமையில், ஒவ்வொரு பெயராக விரல் வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஒரு பிழையும் இல்லாமல் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.