ஐஸ் நகரக் கூடாது

அன்று மழைக்குள் நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. எனக்குப் பதிலாக இரண்டாம் ஆண்டில் படித்த ஒரு சிறுமி ஓடினாள். இன்று அவளுக்கு இடது காது கேட்காது. அதற்குக் காரணம் நான்தான்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட... உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது என்பதால் வந்த துணிச்சலோ என்னவோ!

நான் உடற்கல்வி ஆசிரியன். வீடு பாக்கார் ஆராங் என்ற ஊரில். காலையில் காரை எடுத்தால், கடைவீடுகள் முடிந்து செம்பனை மரங்கள் தொடங்கும் இடத்தில் எங்கள் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பள்ளி சிறியது, திடல் பெரியது. அந்தத் திடலில் என் குரல் எட்டாத மூலை கிடையாது. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ‘இடி சார்’.

சிரித்துவிடாதீர்கள். இடி சாருக்கு இடியென்றால் பயம். சிறுவயதில் பெண்டாங் வயல்வெளியில் மின்னல் தாக்கிக் கருகிக் கிடந்த ஒரு மாட்டைப் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து வானம் கறுத்தால் கூரைக்கடியில் போய் நின்றுவிடுவேன். இது காரணமா, சாக்கா? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘ஐஸ் தண்ணி’ என்றால் உயிர். நீங்களும் ஆடியிருப்பீர்கள். பிடிப்பவர் தொட்டு ‘ஐஸ்’ என்றால் நின்ற இடத்திலேயே உறைந்துவிட வேண்டும். கூட்டாளி யாராவது ஓடி வந்து தொட்டுத் ‘தண்ணி’ என்றால்தான் விடுதலை. ஆனால் யாரும் பார்க்காத நேரத்தில் மெல்ல நழுவிவிடுவார்கள். அந்த அழுகுணி ஆட்டம் எனக்குப் பிடிக்காது. அதனால் ஒரு சட்டம் போட்டேன்.

“தண்ணி படாம ஐஸ் நகரக் கூடாது. நகர்ந்தா அடுத்த வாரம் திடல் பக்கமே வரக் கூடாது. நான் விசில் ஊதுனா பிடிக்கிறவன் மட்டும் மாறணும். ஐஸ் ஐஸாத்தான் நிக்கணும்.”

என்ன கட்டுப்பாடு என்று தலைமையாசிரியரே பாராட்டினார். எனக்கும் பெருமைதான்.

ஹேமா என்ற சிறுமி ஒருமுறை நகர்ந்துவிட்டாள். மூக்கில் ஈ உட்கார்ந்ததாம். சொன்னபடியே அடுத்த வாரம் அவளை நடைகூடத்தில் உட்கார வைத்தேன். மற்றவர்கள் ஆடிக்கொண்டிருக்க, அவள் காலணி நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். மணி அடித்ததும் என்னிடம் வந்து, “இனிமே நகர மாட்டேன் சார்” என்றாள். நல்ல பாடம் படித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். பாவி நான்!

பிறகு அந்த நாள் வந்தது. காலையிலிருந்தே புழுக்கம். ஆட்டம் பாதியில் இருக்கும்போது ஜெராய் மலைப் பக்கம் கறுத்தது. திடீரென்று இடி.

விசில் ஊதினேன். “எல்லாரும் உள்ள ஓடுங்க” என்று கத்தினேன்... இப்படித்தான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய். விசிலை ஊதிவிட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் நான் ஓடினேன். நான் ஓடுவதைப் பார்த்துத்தான் அவர்கள் என் பின்னால் ஓடி வந்தார்கள்.

நடைகூடத்தில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். மழை கொட்டத் தொடங்கியிருந்தது. திடலின் கோடியில், கால்பந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஹேமா நின்றாள். ஒரு கை முன்னால் நீண்டிருந்தது. ஒரு கால் சற்றே மடங்கியிருந்தது. விசில் கேட்டிருக்கும். பிடிப்பவன் மாறுகிறான் என்றுதான் நினைத்திருப்பாள். அவளை யாரும் தொடவில்லையே!

கத்தினேன். தகரக் கூரையில் விழுந்த மழை என் குரலை விழுங்கிவிட்டது. படியில் ஒரு காலை வைத்தேன். பளீரென்று மின்னியது. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

என் பக்கத்தில் ஹேமாவின் கூட்டாளி தர்ஷினி நின்றிருந்தாள். என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“சார், அவ ஐஸ் சார். யாராச்சும் தொட்டாத்தான் வருவா.”

“இரு, மழை கொஞ்சம் விடட்டும்” என்றேன்.

அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ... அடுத்த நொடி படியிறங்கி ஓடிவிட்டாள்.

அவளைப் பிடித்திருக்கலாம். கைக்கு எட்டும் தூரம்தான். ஏன் பிடிக்கவில்லை? சொல்கிறேன். அவள் ஓடிய அந்தக் கணத்தில் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. இனி நான் போக வேண்டியதில்லை என்ற நிம்மதி! மின்னலைவிட அதை நினைத்தால்தான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவன் எனக்குள் இருக்கிறான். நான் அவனோடுதான் தினமும் பள்ளிக்குப் போகிறேன்.

தர்ஷினி போய்த் தொட்டாள். ஹேமா உடனே அசைந்தாள். இருவரும் கைகோத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். பாதித் திடல் தாண்டியிருப்பார்கள், கோல் கம்பத்தில் மின்னல் இறங்கியது. எல்லாம் வெள்ளையாகிப்போனது. கண் தெரிந்தபோது இருவரும் புல்லில் கிடந்தார்கள். ஹேமா எழுந்தாள். தர்ஷினி எழவில்லை.

அப்போதும் முதலில் ஓடியவன் நானில்லை.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. தர்ஷினியின் இடது செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார்கள். என்ன நடந்தது என்று தலைமையாசிரியர் கேட்டார். “ரெண்டு பேரும் மழையில ஆடப் போயிட்டாங்க சார், நான் கூப்பிட்டும் கேக்கல” என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது! ஹேமா அழுதுகொண்டே, “நான் நகரல சார், நான் நகரல” என்றாள். பயத்தில் உளறுகிறாள் என்று விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் அவள் குடும்பம் கூலிம் பக்கம் போய்விட்டது.

தர்ஷினியின் அம்மா தொழிற்சாலைச் சீருடையோடு மருத்துவமனைக்கு ஓடி வந்தார். மகளின் தோளில் ஓர் அடி வைத்தார். “மழையில ஆட்டம் கேக்குதா ஒனக்கு?” என்றார். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்து என் பக்கம் திரும்பினார்.

“மன்னிச்சிருங்க சார். நீங்க அவ்ளோ சொல்லியும் கேக்காம ஓடியிருக்கா.”

“பரவால்லக்கா, சின்னப் புள்ளதானே” என்றேன்.

மன்னிப்பு கேட்க வேண்டியவன், மன்னித்துவிட்டு வந்தேன்! கட்டிலில் கிடந்த தர்ஷினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இதுவரைக்கும் சொல்லவில்லை.

அந்த ஆட்டத்தை நான் நிறுத்திவிட்டேன். ஆனால் ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் தாங்களாகவே ஆடுகிறார்கள். ‘ஐஸ்’ என்ற சத்தம் கேட்டால் வேறு பக்கம் நடந்துவிடுகிறேன். மழை வந்தால் திடலை மூலைமூலையாகப் பார்க்கிறேன். யாராவது நிற்கிறார்களா... யாராவது...

இப்போது தர்ஷினி ஆறாம் ஆண்டு. இன்று சொல்வாளா, நாளை சொல்வாளா என்றே எனக்கு நாள்கள் போகின்றன. பள்ளியை விட்டுப் போகப்போகிறாள், பயம் அவளோடு போய்விடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

போன வாரம் அவள் அம்மா, முதலாம் ஆண்டில் சேரப்போகும் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். தர்ஷினியும் கூட நின்றாள்.

“சார், இவன் இனிமே ஒங்க பொறுப்புலா. அக்கா மாதிரி மழையில ஓடுனா நாலு சாத்து சாத்துங்க.”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்...

“சரிக்கா” என்றேன்.

தர்ஷினி குனிந்து தம்பியின் காலணி நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு காது கேட்காததால் அவள் எப்போதும் சற்று உரக்கத்தான் பேசுவாள்.

“தம்பி, விசில் ஊதுனா நீ ஐஸா இருந்தாலும் ஓடிரு. யாரும் தொட வரலன்னாலும் ஓடிரு. என்னா?”

அவன் தலையாட்டினான். அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

“பாத்தீங்களா சார், பட்ட பிறகுதான் இவளுக்குப் புத்தி வந்திருக்கு” என்று அம்மா சிரித்தார்.

“ஆமாக்கா” என்று நானும் சிரித்தேன்.